இஸ்ரேல் ஓட்டர் ஏன் இடதுசாரிய கைவிட்டான்?

கேள்வி கேட்டவர் எழுதினது சுருக்கமா இதுதான்: 1992ல 44 சீட் ஜெயிச்ச தொழிற்கட்சி 2022ல வெறும் 4 சீட்டுக்கு வந்துடுச்சு, ஒரு நாடு முப்பது வருஷத்துல எப்படி இப்படி தலைகீழா மாறும், இது மதவெறியா, அரபு வெறுப்பா, இல்ல நெதன்யாகு ஒரு ஆளு பண்ண வேலையா, இனி இடதுசாரி திரும்ப வருமா? மேலோட்டமா பாத்தா நீங்க கேக்கறது சீட் கணக்கு. ஆனா கேள்விக்கு அடில இருக்கறது வேற, அந்த ஜனங்களுக்கு சமாதானமே வேண்டாமான்னுதான் கேக்கறீங்கன்னு எனக்கு தோணுது. அதுக்குதான் பதில் சொல்லப்போறேன். நான் காலேஜ்ல மேற்காசிய அரசியல் பாடம் நடத்தி ரிட்டையர் ஆனவன், ஹீப்ரு பேப்பர் மெதுவா எழுத்துக்கூட்டி படிக்கத் தெரியும், நாலஞ்சு தடவ அங்க போயிட்டு வந்திருக்கேன். பாதுகாப்பு விஷயத்துல என் சாய்வு வலது பக்கம்தான், அத முன்னாடியே சொல்லிடறேன், அத மனசுல வச்சுக்கிட்டே படிங்க.

மொதல்ல ஒரு குழப்பத்த பிரிச்சுடலாம். இஸ்ரேல் வலது பக்கம் போனது ஒரே தடவையில நடக்கல, ரெண்டு தடவ நடந்துச்சு, ரெண்டுக்கும் காரணம் வேற வேற. மொதல் தடவ 1977. நாடு உருவான நாள்லேர்ந்து ஆட்சி தொழிற்கட்சி கையில, ஆட்சி மட்டும் இல்ல, தொழிற்சங்கம், ஆஸ்பத்திரி, வேலைவாய்ப்பு எல்லாம் அவங்க ஆளுங்க கையில. இராக், ஏமன், மொராக்கோலேர்ந்து வந்த யூதர்கள 1950கள்ல கூடாரத்துலயும் தகரக் கொட்டகையிலயும் போட்டு வச்சாங்க, அப்புறம் டிமோனா, ஸ்டெரோட், கிரியாத் ஷ்மோனா மாதிரி பாலைவனத்துலயும் எல்லை ஓரத்துலயும் இருந்த ஊர்களுக்கு லாரில ஏத்தி அனுப்பினாங்க. அந்த ஜனங்க பிள்ளைங்க வளந்து ஓட்டு போட வந்தப்ப, போலந்துலேர்ந்து வந்து எந்நேரமும் கோட்டு டையோட நிக்கற மெனாகெம் பெகினுக்கு குத்தினாங்க. மொத்தம் 120 சீட்ல அவரோட வலதுசாரி கட்சி லிகுட் 43, தொழிற்கட்சி 32.

ஏன் பெகின்? இத புரிஞ்சுக்க 1981 எலெக்ஷன் ஒன்னு போதும். ஓட்டுப்பதிவுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடி டெல் அவிவ்ல தொழிற்கட்சி பெரிய கூட்டம் போட்டாங்க, மேடையில ஒரு நடிகர் லிகுட்காரங்கள கிழக்கத்தி யூதர்கள மட்டம் தட்டற ஒரு வசவு வார்த்தையால கிண்டல் பண்ணிட்டாரு. மறுநாள் ராத்திரி அதே மைதானத்துல பெகின் நின்னாரு. 1947ல ஜெருசலேம் ஜெயில்ல பிரிட்டிஷ்காரன் தூக்குல போட இருந்த ரெண்டு பசங்க கதைய எடுத்தாரு. மேயர் ஃபைன்ஸ்டைன் ஐரோப்பா வம்சம், மோஷே பரசானி இராக்ல பொறந்தவன். ஆரஞ்சு பழத்த குடைஞ்சு உள்ள குண்டு வச்சு யாரோ ஜெயிலுக்குள்ள கடத்திக் குடுத்தாங்க, தூக்குக்கு கொஞ்ச நேரம் முன்னாடி ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் கட்டிப்பிடிச்சுக்கிட்டு அத நெஞ்சுக்கு நடுவுல வச்சு வெடிச்சு செத்துப்போனாங்க. இதுல யாரு ஐரோப்பாக்காரன், யாரு இராக்காரன், ரெண்டு பேரும் யூதன், ரெண்டு பேரும் அண்ணன் தம்பின்னு பெகின் முழங்கினாரு. அந்த எலெக்ஷன்ல 48க்கு 47ன்னு ஒரே சீட்ல லிகுட் முந்திச்சு. பெகின் 1992ல செத்தப்ப தலைவர்கள புதைக்கற ஹெர்சல் மலை வேண்டாம்னு சொல்லி வச்சிருந்தாரு, அதனால ஒலிவ மலையில அந்த ரெண்டு பேர் பக்கத்துலதான் புதைச்சாங்க. லிகுட் ஓட்ட வெறும் வெறுப்பு ஓட்டுன்னு சொல்றவங்க இந்த மரியாதைக் கணக்க பாக்கவே மாட்டேங்கறாங்க. ஒதுக்கி வச்ச ஜனங்களுக்கு இந்த நாடு உன்னோடதும்தான்னு மொதல் தடவ சொன்னது வலதுசாரிதான்.

அதே பெகின்தான் 1979ல எகிப்து அதிபர் சதாத் கூட சமாதான ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டு முழு சினாயையும் எகிப்துக்கு திருப்பிக் குடுத்தாரு. சினாய்ல யாமித்னு ஒரு யூத ஊரு இருந்துச்சு, 1982ல சொந்த ராணுவத்தயே அனுப்பி அங்க இருந்த ஜனங்கள வெளியேத்தினாங்க. அந்த ஒப்பந்தம் இன்னிக்கு வரைக்கும் நிக்குது. அதனால வலதுசாரின்னா ஒரு அடி நிலம் கூட தரமாட்டான்னு யாராவது சொன்னா அது வரலாறு தெரியாத பேச்சு. கைரோல ஒரு அரசாங்கம் இருந்துச்சு, ராணுவம் இருந்துச்சு, போட்ட கையெழுத்த காப்பாத்தற சக்தி இருந்துச்சு. நிலத்த வாங்கிக்கறவன் அடுத்த நாளு எல்லைய கட்டுப்பாட்டுல வச்சிருப்பானா அப்படிங்கறதுதான் அங்க சாதாரண வலதுசாரி ஓட்டர் கேக்கற கேள்வி, எனக்கும் அதுதான் முக்கியமான கேள்வியா படுது.

ரெண்டாவது மாற்றம்தான் நீங்க கேக்கற 44லேர்ந்து 4. 1992ல ரபின் தலைமையில தொழிற்கட்சி 44, கூட இருந்த இன்னொரு இடதுசாரி கட்சி மெரெட்ஸ் 12, சேத்தா 56. அடுத்த வருஷம் செப்டம்பர் 13, வெள்ளை மாளிகை புல்வெளில ரபினும் பாலஸ்தீன தலைவர் அரஃபாத்தும் ஓஸ்லோ ஒப்பந்தத்த போட்டு கைகுலுக்கினாங்க. நாட்டுல பாதி பேராவது நெஜமாவே நம்பினாங்க, நடிப்பு இல்ல. அப்புறம் பஸ்ஸுங்க வெடிக்க ஆரம்பிச்சது. 1994 அக்டோபர்ல டெல் அவிவ் டிசென்காஃப் தெருவுல 5ஆம் நம்பர் பஸ், 22 பேர் செத்தாங்க. 1996ல பிப்ரவரி 25 ஞாயித்துக்கிழம காலைல ஜெருசலேம்ல 18ஆம் நம்பர் பஸ், அடுத்த ஞாயித்துக்கிழம மார்ச் 3, அதே 18ஆம் நம்பர், மறுபடியும். அங்க ஞாயிறுதான் வாரத்தோட மொதல் வேலை நாள், பஸ்ஸுல ஆபீஸ் போறவங்க, கேம்புக்கு திரும்பற சோல்ஜர் பசங்க. ஒரு தாய் அடுத்த நாள் பையன அதே பஸ்ல ஏத்தணுமா வேண்டாமான்னு யோசிக்கற நெலமையில ஓட்டு போடறா. ரபின் கொலைக்கு அப்புறம் அனுதாபத்துல ரொம்ப முன்னாடி இருந்த ஷிமோன் பெரெஸ், அந்த மே மாசம் நெதன்யாகுகிட்ட ஒரு சதவீதத்துக்கும் கம்மியான வித்தியாசத்துல தோத்தாரு.

இங்க என் பக்கத்து ஆளுங்க முழுங்கிடற ரெண்டு விஷயத்த நான் சொல்லியாகணும். 1994 பிப்ரவரில ஹெப்ரோன்ல தொழுகையில இருந்த 29 பேர சுட்டுக் கொன்னது ஒரு யூத குடியேறி, அதாவது இஸ்ரேல் பிடிச்ச பாலஸ்தீன நிலத்துல போய் குடியிருக்கறவன். 1995 நவம்பர் 4ஆம் தேதி ரபின சுட்டது யிகால் அமிர், மதவாத வலதுசாரி. அந்த கொலைக்கு முந்தின மாசங்கள்ல தெருவுல ரபின துரோகின்னு கத்தினாங்க, ஹிட்லர் படை யூனிஃபார்ம் போட்ட மாதிரி அவர் படத்த ஒட்டி நோட்டீஸ் குடுத்தாங்க, வலதுசாரி தலைவர்கள் அத அழுத்தமா தடுக்கல. இது கறை. இத ஒத்துக்காம நம்ம தரப்ப பேசறவன நம்பாதீங்க.

ஆனா இடதுசாரிய அடியோட சாய்ச்சது ஓஸ்லோ இல்ல, 2000த்துக்கு அப்புறம் நடந்தது. 2000 ஜூலைல அமெரிக்காவுல கேம்ப் டேவிட்ல நடந்த பேச்சுல, அப்ப பிரதமரா இருந்த தொழிற்கட்சி தலைவர் எஹூட் பராக் முன்னாடி யாரும் வைக்காத அளவுக்கு வச்சாரு, பேச்சு முறிஞ்சது, செப்டம்பர் கடைசில ரெண்டாவது இன்டிஃபாதா, அதாவது பாலஸ்தீனியர்களோட எழுச்சி. உறுதியா தெரிஞ்சது இவ்வளவுதான்: அடுத்த நாலஞ்சு வருஷத்துல ஏறக்குறைய 1,000 இஸ்ரேலியர்கள், அதுக்கு மூணு மடங்கு பாலஸ்தீனியர்கள் செத்தாங்க. உறுதியில்லாதது எதுன்னா, அரஃபாத் இத திட்டம் போட்டு ஆரம்பிச்சாரா இல்ல தானா கிளம்பின தீய அணைக்காம விட்டாரா அப்படிங்கறது, இதுல இஸ்ரேல் உளவுத்துறை ஆளுங்களே ரெண்டு கட்சி. பராக் வச்ச ஆஃபர் எவ்வளவு தாராளம்னும் இன்னிக்கும் சண்டை நடக்குது, ஏன்னா மேஜையில முழுசா எழுதி வச்ச ஒரு டாக்குமெண்ட் கிடையாது. 2008ல அப்ப பிரதமரா இருந்த ஓல்மெர்ட், அரஃபாத்துக்கு அப்புறம் வந்த பாலஸ்தீன தலைவர் அப்பாஸுக்கு அதவிட பெரிய ஆஃபர் குடுத்தாருங்கறது உண்மை, அப்பாஸ் கடைசி வரைக்கும் சரின்னு சொல்லலைங்கறதும் உண்மை, ஏன் சொல்லலைன்னு ஆளுக்கு ஒரு காரணம் சொல்றாங்க, ஓல்மெர்ட் அப்பவே ஊழல் வழக்குல பதவி போற நெலமையில இருந்தாருங்கறதையும் மறந்துடக் கூடாது.

ஓட்டர் இந்த ஆராய்ச்சியெல்லாம் பண்ணல. 2001 ஜூன்ல டெல் அவிவ் பீச் ஓரத்துல டால்ஃபினேரியம் டிஸ்கோ வாசல்ல 21 பேர், பெரும்பாலும் ரஷ்யாலேர்ந்து வந்த குடும்பத்து ஸ்கூல் பசங்க. 2002 மார்ச் 27 ராத்திரி நெதன்யா ஊர்ல பார்க் ஓட்டல்ல பஸ்கா விருந்துக்கு உக்காந்திருந்த 30 பேர், வயசானவங்க நெறைய. 1992ல 56 சீட் இருந்த அந்த ரெண்டு இடதுசாரி கட்சியும் 2003ல 19, 6ன்னு 25க்கு வந்தாச்சு. கவனிங்க, நெதன்யாகுவோட நீளமான ஆட்சி ஆரம்பிச்சது 2009ல. அவர் வர்றதுக்கு முன்னாடியே வீடு காலி. அதனால எல்லாத்துக்கும் ஒரே ஆளுதான் காரணம்ங்கற விளக்கம் கணக்குக்கே ஒத்துவராது.

அப்புறம் காஸா. இதுலதான் கொஞ்சம் நிக்கணும். குடியேற்றங்களோட தகப்பன்னு பேரு வாங்கின, அப்ப லிகுட் பிரதமரா இருந்த ஆரியேல் ஷரோனே, சொந்த கட்சி மெம்பர்கள் ஓட்டு போட்டு வேண்டாம்னு சொல்லியும், 2005 ஆகஸ்ட்ல காஸாவுல இருந்த 21 குடியேற்றங்களையும் மேற்குக் கரையோட வடக்குல 4ஐயும் காலி பண்ணினாரு. எட்டாயிரத்துக்கு மேல ஜனங்க. சோல்ஜர் பொண்ணுங்க அழுதுக்கிட்டே வீட்டுக்காரங்கள கையக்கால தூக்கிட்டு வந்தாங்க, காஸாவோட குஷ் கதிஃப் குடியேற்றப் பகுதில இருந்த கல்லறைங்கள கூட தோண்டி எடுத்துட்டு வந்து வேற எடத்துல புதைச்சாங்க. 2006 ஜனவரில பாலஸ்தீன பார்லிமெண்ட் எலெக்ஷன்ல ஆயுத இயக்கமான ஹமாஸ் 132ல 74 சீட் ஜெயிச்சது, ஜூன்ல கிலாத் ஷலித்னு ஒரு சோல்ஜர சுரங்கம் வழியா வந்து பிடிச்சுட்டுப் போனாங்க, 2007ல ஹமாஸ் அப்பாஸோட ஃபதா இயக்கத்த அடிச்சு வெரட்டிட்டு காஸா மொத்தமும் தன் கையில எடுத்துக்கிச்சு. வடக்குல லெபனானும் அதே கதை, 2000 மே மாசம் பராக் படைய வாபஸ் வாங்கினாரு, 2006 ஜூலைல அங்க இருக்கற ஆயுத இயக்கம் ஹிஸ்புல்லா எல்லைய தாண்டி வந்து ரெண்டு சோல்ஜர்கள தூக்கிட்டுப் போய் 34 நாள் சண்டை.

காஸா எல்லை ஓரத்துல இருக்கற ஸ்டெரோட் போயிருந்தப்ப ஒரு பார்க்குல கம்பளிப்பூச்சி மாதிரி கலர் கலரா பெயிண்ட் அடிச்ச பெரிய குழாய் ஒன்னு பாத்தேன், குழந்தைங்க உள்ள புகுந்து விளையாடுதுங்க. கிட்ட போய் தட்டிப் பாத்தா கெட்டி கான்க்ரீட். ராக்கெட் வருதுன்னு சைரன் அடிச்சா பதினஞ்சு செகண்ட், அதுக்குள்ள குழந்தைங்க ஓடி ஒளியறதுக்காக கட்டினது. பஸ் ஸ்டாப்பும் அதே கான்க்ரீட்தான். அந்த ஊர்ல வளந்து 18 வயசுல மொதல் ஓட்டு போடறவன்கிட்ட போய் நிலத்த குடுத்தா அமைதி வரும்னு பிரச்சாரம் பண்ணிப் பாருங்க.

இதுலயும் நம்ம பக்கம் பாதி மட்டும் சொல்ற பழக்கம் இருக்கு. வாபஸ் வாங்கினதாலதான் ராக்கெட் வந்துச்சுன்னு சொல்லுவாங்க, அது தப்பு, கஸ்ஸாம் ராக்கெட் 2001லயே ஆரம்பிச்சாச்சு, குடியேற்றம் இருந்தப்பவே. வாபஸுக்கு அப்புறம் எண்ணிக்கையும் தூரமும் ஏறுச்சு, உள்ள புகுந்து பட்டறைய ஒடைக்க ராணுவம் இல்ல, அதுதான் சரியான வாக்கியம். குஷ் கதிஃப் பசுமைக்குடில்கள வெளிநாட்டுக்காரங்க நன்கொடையில வாங்கி பாலஸ்தீனியர்களுக்கு விட்டுட்டுப் போனாங்க, கும்பல் சூறையாடிடுச்சுன்னு சொல்லுவாங்க. சூறையாடினது உண்மை. ஆனா தப்பிச்ச குடில்கள்ல வெள்ளாமை நடந்துச்சு, கர்னி சோதனைச்சாவடிய இஸ்ரேல் அடிக்கடி மூடினதால தக்காளியும் மிளகாயும் லாரிலயே அழுகிப்போச்சு, அதுவும் உண்மை. எந்த ஒப்பந்தமும் போடாம தன்னிச்சையா வெளிய வந்ததால அப்பாஸ் ஒன்னும் இல்லாம நின்னாரு, துப்பாக்கிதான் யூதன வெரட்டுச்சுன்னு ஹமாஸ் மார்தட்டிக்கிச்சுன்னு இடதுசாரி சொல்ற வாதத்துக்கு என்கிட்ட முழு பதில் இல்ல, அதுல பலம் இருக்கு.

ஓட்டருக்கு இதெல்லாம் ஏன் மேற்குக் கரைய பத்தின முடிவா மாறுதுன்னா, மேப்ப எடுத்து வச்சுப் பாருங்க. நெதன்யா பக்கத்துல கடலுக்கும் மேற்குக் கரையோட பழைய எல்லைக்கும் நடுவுல ஏறக்குறைய 15 கிலோமீட்டர். பென் குரியன் ஏர்போர்ட் அந்த எல்லைலேர்ந்து பத்து கிலோமீட்டர்கிட்ட. மேற்குக் கரையோட வடக்குல இருக்கற சமாரியா மலைல நின்னா கீழ கடற்கரை சமவெளி மொத்தமும் தெரியும், ஜனத்தொகைல பெரும்பங்கு அங்கதான். காஸாவுல நடந்தது இந்த மலைல நடந்தா விமானம் எறங்காது. பைபிள் வாக்குறுதிய நம்பாத, சனிக்கிழம கார் ஓட்டற, டெல் அவிவ்ல பார்ட்டிக்கு போற ஆளு வலதுக்கு குத்தறதுக்கு இந்த ஒரு காரணம் போதும். சோவியத்லேர்ந்து 1990கள்ல வந்த பத்து லட்சம் பேர்ல பெரும்பாலானவங்க இந்த ரகம்தான். அதே சமயம் ஜோர்டான் பள்ளத்தாக்குல ராணுவம் நிக்கறது வேற, நடுக்காட்டு மலை உச்சில பத்து கேரவன் போட்டு உக்காந்துக்கறது வேற. ரெண்டாவது பாதுகாப்பு குடுக்கறதில்ல, அத காவல் காக்கவே படை போகுது. அங்கேர்ந்து எறங்கி வந்து பாலஸ்தீன கிராமத்துல ஆலிவ் மரத்த வெட்டறவனும் வீட்டுக்கு தீ வைக்கறவனும் வலதுசாரி இல்ல, கிரிமினல், அவன உள்ள தூக்கி போடாத அரசாங்கம் தன் கடமைய செய்யல.

மதம், வெறுப்பு ரெண்டும் இல்லவே இல்லன்னு சொல்ல வரல. 1980கள்ல அரபு வெறுப்ப வெளிப்படையா பேசின மேயர் கஹானே பார்லிமெண்ட்ல பேச எழுந்தா லிகுட் தலைவர் ஷமிர் தன் ஆளுங்களோட எழுந்து வெளிய போயிடுவாரு, 1988ல கஹானே கட்சி போட்டி போடவே தடை. அதே கஹானே வழில வந்த பென் க்விர் 2022 கடைசில போலீஸுக்கு பொறுப்பான அமைச்சர் ஆனாரு. இது எனக்கு வலிக்குது. பெகின், ஷமிர் காலத்து வலதுசாரிக்கு ஒரு கோடு இருந்துச்சு, நெதன்யாகு கூட்டணி கணக்குக்காக அந்த கோட்ட அழிச்சாரு. ஆனா பென் க்விர் இருந்த மதவாத கூட்டணிக்கு 2022ல கெடைச்சது 120ல 14 சீட், அத வச்சு நாடு மொத்தமும் அப்படின்னு சொல்ல முடியாது. இன்னொன்னு, 2022ல நெதன்யாகு அணிக்கு 64 சீட்னு பெருசா பேசறாங்க, ஓட்டு கணக்குல ரெண்டு அணியும் கிட்டத்தட்ட சமம், மெரெட்ஸ் நாலாயிரம் ஓட்டு பத்தாம பார்லிமெண்டுக்குள்ள வர தேவையான 3.25 சதவீத கட்டத்துல மாட்டி மொத்தமா வெளிய போச்சு.

2023 அக்டோபர் 7, ஹமாஸ் தாக்குதல். ஏறக்குறைய 1,200 பேர் கொலை, 251 பேர் பணயக்கைதி. பேரி, நிர் ஓஸ், கஃபார் அஸா, எல்லாம் பெரும்பாலும் இடது, நடு பக்கத்து கட்சிகளுக்கு ஓட்டு போடற கிப்புட்ஸ், அதாவது கூட்டுப்பண்ணை கிராமங்கள். காஸாவோட நோயாளிகள தன் கார்ல இஸ்ரேல் ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போன விவியன் சில்வர் பேரில கொல்லப்பட்டாங்க. இதுல என் தரப்பு தப்பிக்க முடியாது: நடந்தது வரலாற்றுலயே ரொம்ப வலதுசாரியான ஆட்சில. ஹமாஸ் பயந்து கெடக்கு, கத்தார் பணத்த உள்ள விட்டா அமைதியா இருப்பான்னு வருஷக்கணக்கா நம்பினது நெதன்யாகு. ஷலித்துக்காக 2011ல விடுதலை பண்ண 1,027 பேர்ல அக்டோபர் 7க்கு பின்னாடி இருந்த ஹமாஸ் தலைவர் யாஹ்யா சின்வார் ஒருத்தர், அந்த கையெழுத்தும் நெதன்யாகுவோடதுதான். அதுக்கு அப்புறம் காஸாவுல பல பத்தாயிரம் பேர் செத்திருக்காங்க, குழந்தைங்க ஏராளம், ஊர் ஊரா இடிஞ்சு கெடக்கு, அத பாத்து உங்களுக்கு வர்ற கோவத்த நான் தப்புன்னே சொல்லமாட்டேன். ஓட்டர் ஏன் இப்படி யோசிக்கறான்னு விளக்கறது ஒவ்வொரு குண்டுக்கும் வக்காலத்து வாங்கறது ஆகாது.

கடைசியா இடதுசாரி திரும்ப வருமான்னு கேட்டிருந்தீங்க. தொழிற்கட்சியும் மெரெட்ஸும் 2024ல ஒன்னா சேந்தாச்சு, தலைவர் யாயிர் கோலன், அக்டோபர் 7 அன்னிக்கு சொந்த கார்ல போய் தாக்குதல் நடந்த நோவா இசை விழாலேர்ந்து தப்பிச்ச பசங்கள ஏத்திட்டு வந்த முன்னாள் ஜெனரல், அதனால கொஞ்சம் மரியாதை இருக்கு. ஆனா நெதன்யாகுவ வீழ்த்தக்கூடியவங்கன்னு அங்க பேசற பேர்ல முக்கியமானவங்க நஃப்தாலி பென்னட், லீபெர்மன், ரெண்டு பேருமே வலதுசாரி. இப்ப நெஜமான சண்டை வலதுக்குள்ளயே நடக்குது, அதுவும் பாலஸ்தீன விஷயத்துல இல்ல, ஹரேதின்னு சொல்ற ரொம்ப ஆசாரமான யூதர்களோட பசங்க ராணுவத்துக்கு போகணுமா வேண்டாமாங்கறதுல. 1948ல பென் குரியன் 400 வேதபாட மாணவர்களுக்கு ராணுவ சேவைலேர்ந்து குடுத்த விலக்கு பல பத்தாயிரம் பேருக்கு வளந்து நிக்குது, 2024 ஜூன்ல சுப்ரீம் கோர்ட் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதா அதுக்கு சட்டத்துல எடமில்லன்னு சொல்லிட்டாங்க, ஆனா நெதன்யாகு ஆட்சியோட பெரும்பான்மை ஹரேதி கட்சிகள நம்பித்தான் அமைஞ்சது. வருஷத்துல பாதி ரிசர்வ் டியூட்டில கழிச்சு, தெருவுக்கு ஒரு சாவு பாத்த மதவாத சியோனிச குடும்பங்கள், காலம் காலமா வலதுக்கே குத்தினவங்க, இப்ப நெதன்யாகுகிட்ட கேக்கற கேள்வி அதுதான். 2022ல தேர்ந்தெடுத்த கெனெசட்டோட, அதாவது பார்லிமெண்டோட காலம் 2026 அக்டோபர் வரைக்கும்தான். அந்த ஓட்டு லிகுட்ட விட்டு நகந்தா பென்னட்கிட்ட போகும், கோலன்கிட்ட போகாது.